கறிக்குச் சர்க்கரை போட்ட கதை



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. "டீச்சர், அந்தத் தட்டுல கறுப்பா மினுமினுன்னு இருக்கறது என்னங்க? செய்முறை போடுங்க" என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். "அக்கா, உங்க பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு யாருங்க?" என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். முதல் கேள்வியைக் கமெண்ட்டில் கேட்டவர்கள் எல்லாம் என் மாணவர்கள். இரண்டாவது கேள்வியை இன்பாக்ஸில் வந்து கேட்டவர்கள் எல்லாம் ஒறம்பரைகள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம். டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் சின்னவன் தென்கொரியாவில் தேஜான் என்ற ஊரில் ஆராய்ச்சி வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் போன் செய்து, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். அந்த ஊர்ப் பெண். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "நம்ம ஊட்டு அடுப்பு எந்தத் திசையில இருக்குதுன்னு தெரியாதவ எனக்கு மருமகளா?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்மா" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு எட்டு மாதம் எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அக்காவிடம் மட்டும் வாராவாரம் பேசுவான். பெரியவள் என்னிடம் சொல்வாள். நான் காதில் விழாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்துநாலு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். பாரதியின் பாப்பா பாட்டை எத்தனை பிள்ளைகளுக்கு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதில் அடக்கம். அதனால்தான் இதை உங்களிடமே சொல்கிறேன்.

மனசு மாறியது எப்படி என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் நம் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். அதில் ஒரு குழந்தை ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா இங்கே பவுண்டரியில் வேலை. நம் பெரியநாயக்கன்பாளையம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் இப்போது இப்படிப் பிள்ளைகள் நிறைய. நன்றாகத் தமிழ் படிக்கிறாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், "டீச்சர், அரிசிம்பருப்புச் சாதம் எப்படிச் செய்யறதுன்னு எங்கம்மா கேட்டு வரச் சொன்னாங்க" என்றாள். எனக்கு ஒரே சந்தோசம். அடுத்த நாள் அவளுடைய அம்மாவையே வரச் சொல்லி, பக்கத்தில் நிற்கவைத்து, சின்ன வெங்காயம் எவ்வளவு, துவரம்பருப்பு எவ்வளவு, கடைசியில் நெய் எப்போது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தம்மாவுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும், எனக்கு ஒடியா ஒரு வார்த்தையும் தெரியாது. சாதம் அருமையாக வந்தது. அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது நான் சின்னவனிடம் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. கையில் இருந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி நானே போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்பிட்டியா சாமி" என்றேன். "ஆச்சுங்மா" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அமைதி. பிறகு, "அவ ஊட்ல கறிக்கு என்ன செலவு போட்டு அரைப்பாங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

இனி செய்முறைக்கு வருகிறேன். பொறுமையில்லாத மாணவர்கள் இங்கிருந்து படிக்கலாம். நீங்கள் பரீட்சையிலும் அப்படித்தான்.

அந்த ஊரில் இதற்குப் பெயர் புல்கோகி. புல் என்றால் நெருப்பு, கோகி என்றால் இறைச்சி. விலா எலும்போடு செய்தால் கல்பி. அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சியில்தான் செய்வார்கள். நம் வீட்டில் அந்தப் பழக்கமில்லை என்பதால் கோழியில் செய்தேன். எலும்பெடுத்த தொடைக்கறி. நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். ஆட்டுக்கறியிலும் செய்யலாம், மெலிசாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். கறிக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அளவு சொன்னது அந்தப் பெண்ணின் பாட்டி. வீடியோ காலில் பாட்டி கொரியனில் சொல்ல, அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்ல, சின்னவன் தமிழில் சொல்ல, நான் பழைய பாடக்குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். பாட்டி எதற்கும் கிராம் சொல்லவில்லை. கையைக் குழித்துக் காட்டுகிறார், கட்டைவிரலை நகத்தோடு காட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான். கைப்பக்குவம் என்பதற்கு அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. சோன்மாத். சோன் என்றால் கை, மாத் என்றால் ருசி. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கும் பாட்டிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

பாட்டியின் கையை நான் கரண்டியாக மாற்றியது இப்படி. ஒரு கிலோ கறிக்கு சோயா சாஸ் 100 மில்லி, தண்ணீர் 50 மில்லி. நாட்டுச்சர்க்கரை 3 மேசைக்கரண்டி. நடுத்தரப் பேரிக்காய் ஒன்று, தோல் சீவித் துருவியது. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு விரல்நுனி, மூன்றையும் அம்மியில் நைஸாக அரைக்க வேண்டும். மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. வறுத்த எள்ளின் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வறுத்த எள்ளு ஒரு மேசைக்கரண்டி. வெங்காயத்தாள் இருந்தால் பொடியாக நறுக்கிக் கடைசியில். அவ்வளவுதான். உப்பு போடவே கூடாது. மிளகாய் இல்லை, மல்லி இல்லை, தேங்காய் இல்லை. மஞ்சள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடம். மஞ்சள் போடாத பச்சைக்கறியைப் பார்த்தால் கழுவாத மாதிரியே இருக்கிறது. முதல் தடவை பழக்கதோசத்தில் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போய் ஒரு சிட்டிகை போட்டுவிட்டேன். நிறம் களிமண் மாதிரி ஆகிவிட்டது.

கறிக்குச் சர்க்கரை என்றதும் அவர், "பாயசம் வைக்கறயா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லும் நிலைமையில் நான் இல்லை, எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நம் நாட்டுச்சர்க்கரை இதற்கு வெள்ளைச் சர்க்கரையைவிட நன்றாகப் பொருந்துகிறது. கவுந்தப்பாடிச் சர்க்கரை எப்போதும் வீட்டில் இருக்கும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை, கொரியக் கறிக்கும் போயிற்று.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில்தான் இரண்டாம் தடவை தோற்றேன். நம் செக்கு நல்லெண்ணெயும் எள்ளில் எடுப்பதுதான். ஆனால் நாம் எள்ளை வறுக்காமல், கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். அவர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிறகு பிழிகிறார்கள். அதனால் அவர்கள் எண்ணெய் கருஞ்சிவப்பாக, எள்ளுருண்டை பிடிக்கும்போது வீடெல்லாம் அடிக்குமே, அந்த வாசனையோடு இருக்கும். நம் நல்லெண்ணெயை ஊற்றினால் கெட்டுப்போவதில்லை, ஆனால் தோசைப்பொடி வாசனை வந்துவிடுகிறது. அந்த எண்ணெய் கிடைக்காதவர்கள் நல்லெண்ணெயே ஊற்றி, எள்ளைக் கூடுதலாக வறுத்துப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி ருசி வந்துவிடும்.

சோயா சாஸ் பாட்டில் வந்த கதை தனி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். 1996-ல் ஹூண்டாய் அங்கே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது, அதன் பின்னாலேயே எத்தனையோ கொரியக் கம்பெனிகள், அவர்களுக்கென்று சாப்பாட்டுக்கடைகள், மளிகைக்கடைகள். அவரிடம் கேட்டேன். மூன்றாம் நாள் கூரியரில் ஒரு பெட்டி. சோயா சாஸ், வறுத்த எள்ளெண்ணெய், ஒரு சிவப்பு டப்பாவில் மிளகாய் விழுது. பணம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிட்டார். பாட்டில் முழுக்க கொரிய எழுத்து. எது எதுவென்று தெரியாமல் கறியில் ஊற்ற முடியுமா? சின்னவனிடம் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வாத்தியாருக்கு எழுத்து தெரியவில்லை என்றால் தூக்கம் வருமா? யூடியூபில் போட்டு நானே படிக்க ஆரம்பித்தேன்.

அது எழுத்தா, கணக்கா என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு ஒழுங்கு. சேஜோங் என்ற ராஜா 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்டிருக்கிறார். அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும். நம் உயிர்மெய் மாதிரிதான், ஆனால் கடைசி மெய்யையும் அதே கட்டத்துக்குள் கீழே வைத்துவிடுவார்கள். "கன்" என்று எழுத நமக்கு இரண்டு எழுத்து, அவர்களுக்கு ஒரு கட்டம். இன்னொரு விசயம், நமக்கு "க" ஒன்றுதான், சொல்லில் அது நிற்கிற இடத்தைப் பொறுத்துச் சத்தம் மாறுமே, அவர்களுடைய ககரமும் அப்படியே. இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன இப்ப" என்றார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்கள் சொல்கிற சொல் நம்முடையது மாதிரியே இருப்பதை நாடகம் பார்க்கிற என் மாணவிகள் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1905-லேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே எழுதியிருக்கிறார். இன்றைய மொழியியலாளர்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்பி எனக்கு அனுப்பாதீர்கள்.

நாலு நாளில் பாட்டிலில் இருந்த முதல் சொல்லைப் படித்துவிட்டேன். கன்ஜாங். சோயா சாஸ். முன்னால் "ஜின்" என்று இருந்தால் கறிக்கும் வறுவலுக்கும். "குக்" என்று இருந்தால் அது ரசம் மாதிரி குழம்புகளுக்கு, உப்பு அதிகம், இதற்கு ஆகாது. வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே செய்கிறவர்கள் சோயாவை அவித்து இடித்துச் செங்கல் மாதிரி பிடித்து, கட்டித் தொங்கவிட்டு, பிறகு உப்புத்தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்களாம். தெளிந்த நீர்தான் கன்ஜாங், அடியில் நிற்பது தொய்ஞ்சாங் என்ற விழுது. இந்தக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் கவனம்: ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் தண்ணீர் கலப்பது, அதனால்தான் தனி உப்பு கூடாது.

இப்போது பேரிக்காய். இதுதான் இந்த ஊறலின் சூட்சுமம். அங்கே பெரிய, தண்ணீர் நிறைந்த, ஆப்பிள் மாதிரி உருண்டையான பேரிக்காய். நமக்கு நீலகிரிப் பேரிக்காய். மேட்டுப்பாளையம் ரோட்டில் கூடையில் வைத்து விற்பார்களே, கல்லு மாதிரி, கடித்தால் நறநறவென்று. இனிப்பு குறைவு என்பதால் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டேன். பேரிக்காயில் உள்ள நொதி கறியின் புரதத்தை மெல்ல உடைத்து மிருதுவாக்கும். நம்மூர்ப் பிரியாணி மாஸ்டர்கள் பப்பாளிக்காய் போடுகிற காரணமும் இதுதான், அதில் பப்பெய்ன். அன்னாசியில் புரோமெலெய்ன். முதல் தடவை பேரிக்காய் கிடைக்காமல் நான் அன்னாசி அரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். காலையில் கறியைத் தூக்கினால் விரலில் ஒட்டிக்கொண்டு களியாக வருகிறது. அந்த இரண்டும் வேகமான நொதிகள், அரை மணிக்கு மேல் ஆகாது. பேரிக்காய் சாது. நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரம் தாராளமாக வைக்கலாம். டின்னில் அடைத்த அன்னாசிக்கு இந்த வேலை தெரியாது, சூடு காட்டிவிட்டதால் நொதி செத்துவிடும்.

காய்களுக்கு வேறு விதி. எங்கள் வீட்டுக்காரர் ஐந்து வருடமாக அசைவம் தொடுவதில்லை. பழநிக்கு ஒரு வேண்டுதல், அதன் கதை இன்னொரு நாள். அதனால் அவருக்குக் காயில் செய்ய வேண்டியிருந்தது. சொல்லப்போனால் இந்த முழுச் சமையலும் அவரை உட்காரவைக்கத்தான். சிப்பிக்காளான், நீளக் கத்திரிக்காய், குடைமிளகாய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முழுச் சின்ன வெங்காயம் குச்சியில் கோத்து. காய்க்குப் பேரிக்காய் தேவையில்லை, புரதம் எங்கே இருக்கிறது உடைக்க? ஊறவும் வைக்காதீர்கள். உப்பு பட்டால் காய் தண்ணீர் விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும், சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பத்து நிமிடம் முன்னால் பிரஷ்ஷால் தடவி நேராக நெருப்புக்கு. காய்க்கான ஊறலைக் கறி படாமல் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கிழங்கை மட்டும் அரைவேக்காடு வேகவைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு கொட்டாங்குச்சிக் கரி. நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அதற்கு மேல் வைக்கிற கம்பித்தட்டு எங்கே கிடைக்கும் என்று நான் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற இன்னொரு மாணவரிடம் கேட்டேன். மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்பாடு வராமல் என்னிடம் அடி வாங்கியவர். இப்போது மில்லிமீட்டரில் பேசுகிறார். "எத்தன எம்எம் கேப் வேணும் டீச்சர்? கறி கீழ உழுகக் கூடாதுல்ல?" என்று அளவு கேட்டு, ஸ்டெயின்லெஸ் கம்பியில் அடுப்போடு சேர்த்து வெல்டிங் அடித்து, கைப்பிடி வைத்து, மறுநாள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "எவ்வளவுப்பா?" என்றேன். "சும்மா இருங்க டீச்சர்" என்றார். இந்த அடி விசயத்தில் எனக்கு மனசில் ஒரு முள் உண்டு. அவர் மறந்துவிட்டேன் என்கிறார். நான் மறக்கவில்லை.

வாட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. சர்க்கரை இருப்பதால் பெருந்தீயில் வெளியே கரிந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். இரண்டாம் தடவை எனக்கு அப்படித்தான் ஆயிற்று, அவர் அந்தப் பக்கமாக நடந்துபோய், "கிரீஸ் எரிஞ்ச வாசம்" என்றார். நாற்பது வருடம் மிசினில் கைவைத்தவர், அவருக்கு அந்த வாசம் தெரியும். சாம்பல் பூத்த கங்கில் வையுங்கள். கறியின் மேல் வழிகிற ஊறலை உதறிவிட்டு வையுங்கள். அடிக்கடி திருப்புங்கள். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி மணம் வருவதை 1912-ல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். அந்தப் பழுப்புக்கும் கரிக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆகஸ்ட் கடைசியில் வந்தார்கள். ஆடி கழியட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சிங்கப்பூர் வழியாகக் கோவை. பெண் சரவணம்பட்டியில் பெரியவள் வீட்டில் தங்கினாள். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சின்னவன் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. முதல் நாள் வந்து அவருக்கு இடுப்பு வளைத்து வணக்கம் சொன்னாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புறக்கடையில் அடுப்பு வைத்தோம். குருடிமலை மேல் மேகம் இறங்கிக் குளுகுளுவென்று காற்று, நடுவில் தூறல். பெரியவள் குடை பிடிக்க, மருமகன் விசிற, நான் திருப்ப, அந்தப் பெண் என் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்று வெந்த கறியைக் கத்தரித்துப் போட்டாள். ஆமாம், கறியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சார்ட் வெட்டுகிற மாதிரி. ஒரு துண்டை ஊதி என் வாயருகே நீட்டி, உப்பு சரியா என்று சைகையில் கேட்டாள். சரியாக இருந்தது. அவளுக்கும் கொடுத்தேன். மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டு, "ஹல்மோனி" என்றாள். பாட்டி என்று அர்த்தம்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவரைப் பெரியவள்தான் இழுத்துவந்து உட்காரவைத்தாள். தட்டில் காளானும் கத்திரிக்காயும் வைத்தேன். அவர் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். பேரன் இரண்டாவது தடவை கறி கேட்டுவிட்டான். அந்தப் பெண் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் எல்லாம் ஆறுகிறது. "சாப்பிடும்மா" என்று நான் இரண்டு தடவை சொன்னேன். சிரித்தாள், தொடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிடிக்கவில்லையோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று.

சின்னவன் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னான். "அவங்க ஊர்ல பெரியவங்க முதல்ல எடுக்காம சின்னவங்க எடுக்க மாட்டாங்க. அப்பா சாப்பிடற வரைக்கும் அவ தொட மாட்டா."

யாரும் பேசவில்லை. பேரன்கூட மெல்வதை நிறுத்திவிட்டான். அவர் அந்தப் பெண்ணின் தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். "அட, எனக்காக எதுக்கு ஒரு புள்ள பட்டினி கெடக்கோணும்" என்று முனகிக்கொண்டே ஒரு காளானை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அந்தப் பெண் அப்போதுதான் ஸ்பூனை எடுத்தாள்.

அதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். ஆனால் அவள் ஊட்டி லெட்டூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, கொஞ்சம் சோறு, ஒரு துண்டு கத்திரிக்காய், பொட்டளவு மிளகாய் விழுது வைத்து, நாம் வெற்றிலை மடிக்கிற மாதிரியே மடித்தாள். அதற்குப் பெயர் சாம். ஒரே வாயில் போட வேண்டும், கடித்துத் தின்னக் கூடாது. தன் கையால் மடித்து இன்னொருவருக்குக் கொடுப்பது அங்கே பிரியத்தின் அடையாளமாம். எழுந்துபோய், இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி குனிந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் புடைத்து, பேச முடியாமல், கண்ணில் தண்ணீர். அந்த மிளகாய் விழுது அவ்வளவு காரமில்லை என்று எனக்குத் தெரியும்.

முழுங்கிவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் என்னிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உக்காந்து சாப்புடு கண்ணு" என்றார். அவளுக்குத் தமிழ் புரியாது. உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒறம்பரைகளுக்கு: ஒன்றும் முடிவாகவில்லை. குலதெய்வக் கோயிலில் பூக்கேட்க வேண்டும் என்கிறார் அவர். தை பிறக்கட்டும் என்கிறார். பெரியவள் இணைச்சீருக்குப் புடவை நிறம்வரை பேச ஆரம்பித்துவிட்டாள், நான் வாயை மூடு என்று சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ எனக்குப் போன் செய்து கேளுங்கள். கமெண்ட்டில் வேண்டாம், அவள் மொழிபெயர்ப்பில் போட்டுப் படிக்கிறாள்.

மாணவர்களுக்கு: கறி ஊறிய சாறு மிஞ்சினால் அப்படியே மறுபடி தடவாதீர்கள், பச்சைக்கறி பட்டது. கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கறி படாத ஊறல் கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், பேரிக்காய் மட்டும் செய்கிற அன்று துருவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியடுப்பு வேண்டும் என்று கேட்ட ஏழு பேருக்கும் பட்டறைக்காரர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். உங்களிடம் அவர் காசு வாங்குவார், கொடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பேரிக்காய் இன்னும் இரண்டு வாரம்தான் வரும் என்று கூடைக்காரம்மா சொன்னார்கள். செய்ய நினைக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள்.